நாலு பின்னும் உள்ளே

பண்ருட்டியில் டீ குடித்துவிட்டு வண்டியை எடுத்ததிலிருந்தே சுதாகர் ஆரம்பித்துவிட்டான்.

"கியர மாத்து. இன்ஜின் அழுவுது பாரு. அதுக்கு மட்டும் வாய் இருந்தா உன்ன கெட்ட வார்த்தையிலயே திட்டும்."

இன்ஜினுக்கு இல்லாவிட்டால் என்ன, பக்கத்து சீட்டுக்கு இருக்கிறதே என்று சரிதா நினைத்துக்கொண்டாள். கியரை மாற்றவில்லை. ஏற்றம் முடிந்த பிறகு, அவளுக்குத் தோன்றிய இடத்தில் மாற்றினாள்.

"இப்ப மாத்தறா! இப்ப எதுக்கு?"

"ஏங்க, உங்களுக்கு ஒரு வாழப்பழம் வாங்கினு வந்திருக்கலாம். வாய்க்கு வேல இருந்திருக்கும்."

கல்யாணமான புதிதில் சரிதா இப்படியெல்லாம் பேசியதில்லை. அப்போது சுதாகர் ட்ரெய்லர் டிரைவர். குறிஞ்சிப்பாடிக் கடைத்தெருவில் தறிச் சத்தத்தை மீறி ஹாரன் அடித்துக்கொண்டு வந்து மாமனார் வீட்டு முன்னால் அத்தனை நீள வண்டியை நிறுத்துவான். ஊரே வேடிக்கை பார்க்கும். போன வருஷம் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போன இடத்தில் கண் டாக்டர் தலையை ஆட்டிவிட்டார். சுகர் இடது கண்ணைத் தின்றிருந்தது. "ஒரு கண்ணு லேசா மங்கல், அவ்வளவுதான். சோத்தாங்கண்ணு கழுகு மாதிரி" என்று வீட்டில் வந்து சொன்னான். இரண்டு மாதம் கட்டிலில் படுத்துக்கொண்டு, ரோட்டில் போகும் டிரைவர்களையெல்லாம் சத்தத்தை வைத்தே திட்டிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு லாரி ஓட்டுவதே மேல் என்று சரிதா முடிவுக்கு வந்தாள். சுரங்கத்து டவுன்ஷிப்பில் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள் ஹெவி லைசென்ஸ் எடுத்தாள்.

வேலை கொடுத்தவர் லாரி கான்ட்ராக்டர் அய்யனார். டிரைவர் கிடைக்காத நேரம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், பெண் டிரைவர் என்று டவுன்ஷிப் ஆர்ச் கேட் பக்கம் ஒரு பிளெக்ஸ் வைக்கலாம். வைத்தார். அதில் சரிதா மூலையில் கட்டைவிரல் அளவுக்கு இருந்தாள். நடுவில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தது அய்யனார்தான். சுதாகரை அவளோடு கிளீனராக அனுப்பினார். கிளீனர் என்ற சொல்லை மட்டும் சுதாகரால் பொறுக்க முடியவில்லை. யாராவது கேட்டால், "நான் கூட வர்ற சீனியர்" என்பான்.

சரிதா ட்ரெய்லர் சீட்டில் ஏறி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

ராணிப்பேட்டையில் பழுதுபார்த்த கன்வேயர் டிரம் இரண்டும் கியர் பாக்ஸ் ஒன்றும் பின்னால் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தன. சுரங்கத்து ஸ்டோர்ஸில் இறக்க வேண்டும். ஸ்டோர்ஸுக்குப் போகும் உள்ரோட்டில் ஒரு சின்னப் பாலத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் போட்ட தற்காலிகப் பாதையில் கனமான பின்சக்கரம் இறங்கினால் மண் உள்வாங்கும். அதனால் ட்ரெய்லரின் பின்சக்கரத்து எடையைத் தனியாகப் போட்ட சீட்டு இல்லாமல் கேட்டில் விட மாட்டார்கள்.

முத்தாண்டிக்குப்பத்துக்கு முன்னால் முந்திரித் தோப்பை ஒட்டி ஒரு எடைமேடை இருந்தது. முன்வண்டியை மேடைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினாள். ஜன்னலுக்குள் உட்கார்ந்து எடை போடும் சுபாஷ், கம்ப்யூட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் சரிதாவைப் பார்த்தான். பிறகு சுதாகரைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"பின்னாடி ஓவருங்க. இத எடுத்துகினு போனீங்கன்னா கேட்லயே திருப்பிடுவாங்க."

"எவ்ளோ ஓவர்?" என்றாள் சரிதா.

சுபாஷ் பதிலை சுதாகரிடம் சொன்னான். கேட்டவளை விட்டுவிட்டுப் பக்கத்தில் மீசை வைத்துக்கொண்டு நிற்பவனுக்கு பதில் சொல்லும் வழக்கம் அவளுக்குப் புதிதில்லை. டயர் கடையிலும் அதுதான், டீசல் பங்கிலும் அதுதான். மீசைதான் வண்டி ஓட்டுகிறது என்று நினைப்பு.

"ராணிப்பேட்டையில ஏத்துனவன் கண்ண மூடிகினு ஏத்தியிருக்கான்" என்றான் சுதாகர். "கவலப்படாத தம்பி. நம்ம வண்டி வேற மாதிரி. போகிய நவுத்தி வெச்சா சரியாப் பூடும்."

அது உண்மைதான். அந்த ட்ரெய்லரை அய்யனார் துறைமுகத்துப் பக்கம் பழையதாக வாங்கியிருந்தார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒன்று வேறு யாரிடமும் இல்லை. மற்ற ட்ரெய்லர்களில் பின்சக்கரங்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். இதில் சக்கரமும் அச்சும் சேர்ந்த அந்த போகி, ட்ரெய்லரின் அடியில் இரண்டு தண்டவாளம் போன்ற இரும்பில் நகரும். இரும்பு நெடுக ஓட்டைகள். பக்கத்துக்கு இரண்டாக நாலு இரும்பு பின், ஓட்டைக்குள் போய் உட்கார்ந்து போகியைப் பிடித்துக்கொள்ளும். லீவரை இழுத்தால் பின் நாலும் வெளியே வரும். ட்ரெய்லர் பிரேக்கைப் போட்டுவிட்டு முன்வண்டியை மெல்ல முன்னால் எடுத்தால் போகி நின்ற இடத்தில் நிற்கும், மேலே இருக்கும் உடம்பு மட்டும் முன்னால் போகும். போகி பின்னால் தள்ளிப்போனதாகக் கணக்கு. பின்சக்கரத்துப் பாரம் குறைந்து முன்வண்டியின் மேல் ஏறும். வேண்டிய இடம் வந்ததும் லீவரை விட்டால் பின்கள் அடுத்த ஓட்டையைத் தேடித் தாமே விழும்.

அய்யனாரின் மெக்கானிக் சரிதாவுக்கு இதை ஒரே ஒரு தடவை செய்து காட்டியிருந்தார், காலி வண்டியில். கடைசியாக ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார்: பின் விழுந்த பிறகு ட்ரெய்லர் பிரேக்கை எடுக்காமலே முன்னே ஒரு இழு, பின்னே ஒரு தள்ளு. அசையவில்லை என்றால்தான் ரோட்டுக்குப் போக வேண்டும்.

தோப்போரத்துக் காலி இடத்தில் வண்டியை நேராக நிறுத்தினாள். சுதாகர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினான். எடைமேடையில் வேலையில்லாமல் நின்ற நாலைந்து பேரும் வந்துவிட்டார்கள். பொம்பளை லாரி ஓட்டுவதே ஒரு வேடிக்கை. அதில் லாரியை நீட்டி மடக்குகிறாள் என்றால் விடுவார்களா.

லீவரை இழுத்தான். மூன்று பின் வந்தது. நாலாவது வரவில்லை. துருப்பிடித்துக் கவ்விக்கொண்டிருந்தது.

"முன்னாடி எடு!" என்று கத்தினான். எடுத்தாள். "அவ்ளோ இல்லடி! பின்னாடி! பின்னாடி வா! ஐயோ, இவ ஸ்கூல் வேனுன்னு நெனச்சிகினு இருக்கா!"

கூட்டம் சிரித்தது. அவர்கள் சிரித்ததும் சுதாகருக்கு உற்சாகம் வந்துவிட்டது. சுத்தியலை எடுத்துப் பின்னின் தலையில் நாலு போடு போட்டான். முதல் இரண்டும் இரும்புச் சட்டத்தில் விழுந்தன. பின்னில் விழவே இல்லை. சரிதா அதைக் கண்ணாடியில் பார்த்தாள். கூட்டம் பார்க்கிறது என்ற மிதப்பில் சுத்தியல்கூட நிதானமில்லாமல் போகிறது என்று நினைத்தாள். அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை.

ஒருவழியாகப் பின் வெளியே வந்தது. ட்ரெய்லர் பிரேக்கைப் போட்டு, கிளட்சைக் கொஞ்சமாக விட்டு, வண்டியை முன்னால் எடுத்தாள். மேலே இரண்டு டிரம்மும் முனகிக்கொண்டு நகர்ந்தன.

"வா, வா, வா... போதும்! நில்லு!" லீவரை விட்டான். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. "விழுந்துடுச்சி! போலாம்!"

"நாலுமா?"

"நாலும் உள்ளதான் இருக்கு. பாத்துட்டேன்."

"ஒரு இழு இழுத்துப் பாத்துடுறேன்."

சுதாகர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "பத்தொம்போது வருசம் ஓட்டுனவன் பாத்துட்டேங்கிறேன். மூணு வாரம் ஓட்டுனவ செக் பண்ணப் போறாளாம்."

மறுபடியும் சிரிப்பு. பல்லைக் குத்திக்கொண்டிருந்த ஒருவன், "அண்ணன் பாவம், வூட்லயும் இப்படித்தான் போலக்குது" என்றான்.

சரிதாவுக்கு அந்த நாலைந்து பேரையும் பிடிக்கவில்லை. அவர்களின் பல்லைப் பிடிக்கவில்லை. அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. மெக்கானிக் இரண்டு தடவை சொன்ன வேலையை அதனால்தான் செய்யாமல் விட்டாள். இந்த மூஞ்சிகள் முன்னால் இன்னொரு தடவை முன்னும் பின்னும் ஆட வேண்டாம் என்றுதான்.

மறுபடியும் எடை போட்டார்கள். சரியாக இருந்தது. சீட்டை சுபாஷ் சுதாகர் கையில் கொடுத்தான்.

முத்தாண்டிக்குப்பம் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. சுதாகர் போகியை நகர்த்தியதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் ஒற்றை ஆளாய் நகர்த்தியதைச் சொன்னான். அந்தக் காலத்தில் அவனுக்குக் கீழே ஒரு கிளீனர் இருந்தான், பின் வேலையெல்லாம் அவன்தான் பார்த்தான், இவன் சீட்டை விட்டு இறங்கியதே இல்லை என்று சரிதாவுக்குத் தெரியும். சொல்லவில்லை.

வளைவில் குறிஞ்சிப்பாடி போகும் தனியார் பஸ் ஒன்று, கைகாட்டிய ஆளுக்காக நடுரோட்டிலேயே நின்றது. சரிதா பிரேக் அடித்தாள்.

முன்வண்டி நிற்கவில்லை. நிற்காதது போல முதலில் தோன்றியது. முதுகுக்குப் பின்னால் இரும்பு இரும்பைத் தேய்த்துக்கொண்டு கிறீச்சிட்டது. பிறகு பூமியே இடித்தாற்போல ஒரு சத்தம். ஸ்டியரிங் மார்பில் குத்தியது. டிரம்களைக் கட்டிய சங்கிலி ஒன்று வில் மாதிரி தெறித்து அதிர்ந்தது. அறுந்திருந்தால் அந்த டிரம் கேபினை நசுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குள் போயிருக்கும். அறுபடவில்லை. பஸ்ஸின் பின்கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் சரிதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் டிரைவர் இறங்கி வந்தான். நடுரோட்டில் நிறுத்தியவன் அவன்தான். ஆனால் சரிதாவின் முகத்தைப் பார்த்ததும் அது அவனுக்கு மறந்துவிட்டது.

"லேடீஸ் கையில குடுத்தா இப்படித்தான் ஆவும். யோவ், நீ பக்கத்துல உக்காந்துகினு இன்னாய்யா பண்ற?"

சரிதா சுதாகரைப் பார்த்தாள். இவன் இப்போது ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தாள். பின்னைப் பார்த்தது நான்தான், அவள் இழுத்துப் பார்க்கிறேன் என்றாள், நான்தான் விடவில்லை என்று. வண்டி எடுத்ததிலிருந்து மூடாத வாய் அது. சுதாகர் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பஸ் போய்விட்டது. வண்டியை ஓரம்கட்டி, இன்ஜினை அணைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். போகி பின்னால் கடைசித் தடுப்பு வரைக்கும் போய் முட்டிக்கொண்டு நின்றது. நாலு பின்னும் வெளியே இருந்தன. ஒன்றின் முனை மட்டும் புதிதாய் மழுங்கி வெள்ளையாக மின்னியது. அது ஒன்றுதான் அரையும் குறையுமாய் ஓட்டையைத் தொட்டிருக்கிறது. மற்ற மூன்றும் இரும்பின் மேலேயே உரசிக்கொண்டு வந்திருக்கின்றன.

"யோவ்! எறங்கி வா!"

இறங்கினான்.

"இங்க பாரு. இது உள்ள இருக்கா, வெளிய இருக்கா?"

குனிந்தான். கண்ணைச் சுருக்கினான். தலையைச் சற்றுத் திருப்பி, கோழி மாதிரி பக்கவாட்டில் பார்த்தான். "உள்ளதான் இருக்கு. அதான் சொன்னேன்ல, அந்த பஸ்காரன்..."

பின் நாலு விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தைகூடச் சொல்லும்.

சரிதாவுக்குச் சட்டென்று அந்தச் சுத்தியல் அடி ஞாபகம் வந்தது. பிறகு கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"எத்தினி வெரல்?"

"இன்னாடி வெளையாட்டு..."

"எத்தினி வெரல்னு கேட்டேன்."

"மூணு."

அவள் விரலே நீட்டவில்லை. மூடிய கை அது.

சுதாகருக்கு அவள் முகம் தெரிந்திருக்காது. ஆனால் அந்த மௌனம் புரிந்தது. லாரியின் பக்கப் பலகையில் சாய்ந்துகொண்டான்.

"நடுவுல கருப்பா ஒரு வட்டம். ஓரத்துல மட்டும் தெரியுது. பொங்கலுக்கு அப்பறந்தான் இப்படி."

"சோத்தாங்கண்ணுமா?"

தலையை ஆட்டினான்.

"பொங்கலுக்கு அப்பறம்" என்றாள் சரிதா. "அப்ப இத்தன நாளா லெஃப்ட்ல ஒடி, ரைட்ல ஒடின்னு சொன்னதெல்லாம்? பின்னாடி ஆள் இல்ல, ரிவர்ஸ் வான்னு சொன்னதெல்லாம்?"

"சத்தத்த வெச்சி சொல்லுவேன். பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும்."

"பெரும்பாலும்!" அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. "ஒரு பஸ் ஜனத்த ஏறி மிதிச்சிருப்பேன்யா. கண்ணு தெரியலன்னு சொல்றதுக்கு வெக்கம், பாத்துட்டேன்னு பொய் சொல்றதுக்கு மட்டும் வெக்கமில்ல. உன் மீசைக்கு எதுக்குய்யா நான் ஜெயிலுக்குப் போவணும்? அந்த பஸ்காரன் என்னக் கேக்கும்போது கல்லு மாதிரி உக்காந்துகினு இருந்தியே, அப்பவாவது வாயத் தொறந்தியா?"

சுதாகர் அழுதிருந்தால் இன்னும் எரிச்சல் வந்திருக்கும். நல்லவேளை அழவில்லை.

திட்டிக்கொண்டே நின்றால் வண்டி நகராது. போகியைச் சரியான இடத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அவளே லீவரை இழுத்து மாட்டினாள், அவளே மேலே ஏறிப் பின்னால் தள்ளினாள், அவளே இறங்கி ஓட்டைக்கு நேராக வந்ததா என்று பார்த்தாள். வரவில்லை. மறுபடி ஏறினாள். ஏறி இறங்கி ஏறி இறங்கி முழங்கால் கழன்றது. ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் கூடப் போனது, அல்லது ஒரு விரல் குறைந்தது.

"நீ மேலயே உக்காரு" என்றான் சுதாகர், சத்தமில்லாமல். "நான் தள்ளி நின்னு கேக்கறேன். ஓட்டைக்கு நேரா வந்தா சத்தம் மாறும். பின்னு உள்ள எறங்கனா கனத்து விழும். மேலயே தங்கனா லொடலொடன்னு இருக்கும். அப்ப அந்த ஒண்ணு விழுந்த சத்தத்துக்கே நாலும்னு சொல்லிட்டேன்."

அவள் யோசித்தாள். வேறு யாரும் அங்கே இல்லை.

"அந்தப் புளியமரத்துக்கிட்ட நில்லு. நான் சாவிய எடுத்துகினு எறங்காம வண்டிகிட்ட வரக்கூடாது."

லீவரை விட்டுவிட்டு ஏறி, மெல்லப் பின்னால் தள்ளினாள். "இன்னும் கொஞ்சம்" என்றான். "நெல் முனை அளவு." தள்ளினாள். கீழே அடுத்தடுத்து இரண்டு சத்தம், கனமாக. பிறகு இன்னொன்று. "மூணு" என்றான். "நாலாவது வரல. முன்னாடி துளி எடு." எடுத்தாள். எதுவும் கேட்கவில்லை. "இல்ல, வரல. அது அந்தத் துருப்பிடிச்ச சனியன்தான்."

இன்ஜினை அணைத்துச் சாவியோடு இறங்கினாள். சுதாகர் வந்து மண்டியிட்டு ஒவ்வொரு பின்னாகக் கையால் தடவினான். "இது உள்ள. இது உள்ள." அந்தப் பக்கம் போனான். "இது உள்ள. இது இல்ல, வெளிம்புல நிக்குது."

அவனுக்குப் பின்னாலேயே போய் அவளும் பார்த்தாள். அவன் சொன்னது சரியாக இருந்தது. அதற்காகப் பாராட்டுவதாக இல்லை. சுத்தியலை வாங்கி நாலாவது பின்னின் தலையில் அவளே ஓங்கிப் போட்டாள். மூன்றாவது அடியில் உள்ளே போனது. பிறகு ஏறி, ட்ரெய்லர் பிரேக்கைப் போட்டபடி, முன்னே இழுத்து, பின்னே தள்ளிப் பார்த்தாள். வண்டி குலுங்கியதே தவிர போகி அசையவில்லை. இன்னொரு தடவையும் பார்த்தாள். டிரம்களைக் கட்டிய சங்கிலிகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள்.

அய்யனாரின் போன் வந்தது. பஸ்ஸில் வந்த எவனோ அதற்குள் சொல்லியிருக்கிறான். "இன்னாம்மா இது, உன்ன வெச்சி பிளெக்ஸெல்லாம் போட்டேன்..." சரிதா மறுபேச்சுப் பேசாமல் போனை சுதாகரிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லு."

சுதாகர் போனைக் காதில் வைத்துக்கொண்டான். "அண்ணே" என்றான். "தப்பு என்னுதுண்ணே. எனக்குக் கண்ணு தெரியல. பின்னப் பாக்காமலே பாத்துட்டேன்னு சொல்லிட்டேன். அவ இழுத்துப் பாக்கறேன்னுதான் சொன்னா."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த வசவு சரிதாவுக்கே கேட்டது. குருட்டுப் பயலை வைத்துக்கொண்டா என் வண்டி ஓடியது என்பதுதான் அதில் நாகரிகமான பகுதி. போனைத் திரும்ப வாங்கினாள்.

"இன்னைக்கு லோடு எறக்கிடுவேங்க. சங்கிலியும் பாத்துட்டேன், போகியும் பாத்துட்டேன். நாளையிலேர்ந்து கண்ணு தெரியற ஆளா ஒருத்தர அனுப்புங்க. இவரு திங்கக்கெழம பாண்டிச்சேரி கண்ணாஸ்பத்திரிக்குப் போறாரு."

"நான் எப்ப போறேன்னு சொன்னேன்..." என்றான் சுதாகர்.

"உன்ன யாரு கேட்டா?"

போகி இடம் மாறிவிட்டதால் பழைய எடைச் சீட்டு கேட்டில் செல்லுமா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. திரும்பிப் போய் எடைமேடையில் மறுபடியும் நிறுத்தினாள். சுபாஷ் ஜன்னலில் இருந்து, "இன்னாக்கா, மறுபடியுமா?" என்றான். "ஆமா, மறுபடியும்தான். போடு" என்றாள். இந்தத் தடவை சீட்டை அவளே ஜன்னலுக்குள் கைவிட்டு எடுத்துக்கொண்டாள்.

ஸ்டோர்ஸ் கேட்டில் டிரைவருக்கு மட்டும்தான் பாஸ். சுதாகர் செக்யூரிட்டி கூண்டுக்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டான். தற்காலிகப் பாதையில் முதல் கியரிலேயே இறங்கினாள். பின்னால் தள்ளி நின்ற சக்கரங்கள் திருப்பத்தில் உள்பக்க மண்மேட்டைத் தொடப் பார்த்தன. அகலமாக எடுத்துத் திருப்பினாள். மண் கொஞ்சம் அழுந்தியது, ஆனால் தாங்கியது. கிரேன் வந்து டிரம்களை எடுக்கும் வரை கேபினை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸின் பின்கண்ணாடியில் இருந்த அம்மாளின் முகம் திரும்பத் திரும்ப வந்தது. இழுத்துப் பார்க்காமல் வண்டியை எடுத்தது அவள் கால்தான், வேறு யார் காலும் இல்லை. தண்ணீர் குடித்தாள். யாரும் பார்க்கவில்லை.

காலி வண்டியோடு கேட்டுக்கு வந்தபோது சுதாகர் செக்யூரிட்டியோடு சேர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். செக்யூரிட்டி தடுப்பைத் தூக்கிவிட்டு ஜன்னலோரம் வந்தார்.

"அண்ணன் எல்லாம் சொன்னாரும்மா. போகி ஓடிப்போச்சாமே. அண்ணன் காதாலயே கேட்டு நாலு பின்னையும் உள்ள போட்டாராமே. நீங்க வேற புதுசு. இந்த மாதிரி ஆள் கூட இருக்கறது உங்க அதிஷ்டம்."

சரிதா சுதாகரைப் பார்த்தாள். அவன் டீ டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"மூணு" என்றாள் செக்யூரிட்டியிடம். "நாலாவது நான் போட்டது."

சுதாகர் படியைக் காலால் துழாவி ஏறி உட்கார்ந்தான். குவார்ட்டர்ஸ் ரோடு வரைக்கும் கியரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை பாண்டிச்சேரி பஸ்ஸில் அவனை ஜன்னலோரம் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து, ஊசி போட்டால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்றார். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் கதை வேறு என்றும் சொன்னார். சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னபோது, பலகை கோணலாக மாட்டியிருக்கிறது என்று சுதாகர் குறை சொன்னான்.

"அவர் சொல்றத நம்பாதீங்க டாக்டர்" என்றாள் சரிதா. "நீங்களே பாத்துக்குங்க."